அயகாத்தான் கீது

ஜனவரி 8, 2025, புதன்

நூலகத்தின் மேற்கு ஜன்னலில் கொக்கி உடைந்துவிட்டது. கயிறு போட்டுக் கட்டியும் மின் ஆலைச் சாம்பல் உள்ளே வருகிறது. காலையில் துடைத்த மேசையில் மதியம் விரலால் பெயர் எழுதலாம்.

தேவப்பிரியம் இந்த மாதத்துப் படத்தைக் கொண்டுவந்தார். கவின்கலைக் கல்லூரியில் படித்தவர். பாதி நாள் சாத்தாங்காட்டில் அவர் அண்ணனின் இரும்புக் கடை, பாதி நாள் படம். போன அக்டோபரில் உறுப்பினராகச் சேர்ந்தார். மாதாமாதம் மூன்றாவது ஞாயிறு ஒரே ஒரு படத்தை மாட்டி, எல்லோரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டார். எண்ணூரில் யார் வருவார்கள் என்றேன். வருகிறார்கள். மீனவர் குப்பத்துப் பெண்கள்கூட வியாபாரம் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து, தோன்றுவதைச் சொல்கிறார்கள். நான் ஒரு நோட்டில் எழுதிவைக்கிறேன்.

இந்த முறை ஒரு ஹாலந்து நாட்டு ஓவியத்தின் அச்சுப் படம். முந்நூற்றைம்பது வருடம் முந்தியது. பனிக்காலம், உறைந்துபோன ஆறு.

"நம்ம ஊருக்குப் பனிப்படமா சார்?"

"பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க செங்கொடி. அப்புறம், இந்த சாரை விட்றலாமே."

விடவில்லை. ஆனால் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நாற்பத்தொரு வயதில் இதெல்லாம் தேவையா?

ஜனவரி 12, ஞாயிறு

படத்தை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். தங்கை ஷாலு ஆவடிக்குப் போயிருக்கிறாள். வியாசர்பாடியில் எங்கள் பிளாக்கில் இன்று மைக் செட் இல்லை. பகல் முழுவதும் நானும் படமும்தான்.

அசல் அளவே இதுதானாம். ஒரு முறத்தைவிடச் சின்னது. நான் பெரிதாக எதையோ எதிர்பார்த்திருந்தேன்.

முதல் பார்வைக்கு எல்லாம் வெள்ளை. பிறகு அந்த வெள்ளை எங்கே என்று தேடினால் இல்லை. ஐஸ் இருக்கிற இடத்தில் பழைய எவர்சில்வர் தட்டின் நிறம். தூரத்தில் சூரியன் இறங்கும் பக்கம் வெங்காயத் தோலின் நிறம். அடியில் இருக்கிற மரப்பலகையின் பழுப்பையே ஓவியர் அங்கங்கே விட்டுவைத்து அதன்மேல் மெல்லியதாகப் பூசியிருக்கிறாராம். தேவப்பிரியம் சொன்னது. சொன்ன பிறகு கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு தடவை தெரிந்துவிட்டால் பிறகு தெரியாமல் போவதில்லை.

முக்கால்வாசி வானம். அடிவானத்தை அவ்வளவு கீழே வைத்திருக்கிறார். அதனாலேயே ஆட்கள் எல்லோரும் அந்த வானத்துக்கு அடியில் நக அளவு ஆகிவிடுகிறார்கள். ஆனாலும் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. காலில் கத்தி மாதிரி ஏதோ கட்டிக்கொண்டு ஐஸில் சறுக்குகிறார்கள். கையைக் கோத்துக்கொண்டு ஒரு புருஷன் பெண்டாட்டி. ஒருவன் விழுந்து கிடக்கிறான், தொப்பி தள்ளி இன்னொரு இடத்தில் கிடக்கிறது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு படகு ஐஸில் மாட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கிறது. அதன் சொந்தக்காரனுக்கு அந்த வருடம் பிழைப்பு என்னவாக இருந்திருக்கும்?

வலது ஓரத்தில் ஒரு பெண். முதுகில் சுள்ளிக்கட்டு. அவள் சறுக்கவில்லை, நடக்கிறாள். முகம் இல்லை. நிழலும் இல்லை, வானம் மூடியிருப்பதால். ஆனால் காலடியில் ஒரே ஒரு பழுப்புக் கோடு இழுத்திருக்கிறார். அந்தக் கோட்டை விரலால் மறைத்துப் பார்த்தேன், அவள் அந்தரத்தில் தொங்குகிறாள். விரலை எடுத்தால் ஐஸின் மேல் நிற்கிறாள், பாரத்தோடு.

இரண்டு தடவை டீ ஆறிப்போனது.

ஜனவரி 19, ஞாயிறு

பதினோரு பேர் வந்தார்கள். முதலில் வாயைத் திறந்தது வேம்பு. கழிமுகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிறவள். எனக்கு மூன்று நான்கு வயது பெரியவள்.

"இது இன்னா, நம்ம ஆறு மாதிரியே கீது?"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை. அனல் மின் ஆலையிலிருந்து சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுபோகிற குழாய் உடைந்து உடைந்து, நம் ஆற்றின் கரையும் இப்படித்தான் வெளுத்துக் கிடக்கிறது. அதைத்தான் சொல்கிறாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்: "பாக்க அயகாத்தான் கீது. பால் ஊத்தி வெச்சா மாதிரி. ஆனா காலு வெச்சின்னா முட்டி வரிக்கும் எறங்கும். இறாலு தடவுனா சாம்பதான் கைல வருது. எம்பொண்ணு தூங்கசொல்லோ நெஞ்சுல விசில் அடிக்குது."

அதன்பிறகு அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று திறந்துகொண்ட மாதிரி ஒவ்வொருவரும் பேசினார்கள். பெட்டிஷனில் கேட்டால் மூன்று வரியில் முடித்துவிடுகிறவர்கள், ஒரு படத்தைக் காட்டினால் ஒன்றரை மணி நேரம் பேசுகிறார்கள். பதினான்கு பக்கம் எழுதினேன். கடைசியில் எல்லாவற்றையும் உரக்கப் படித்துக்காட்டினேன். வேம்பு தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். "கரீட்டா எய்திக்கிறே" என்றாள்.

தேவப்பிரியம் ஒரு மூலையில் நின்றார். கண் கலங்கியிருந்தது. நான் பார்த்தேன்.

ஜனவரி 20

அவர் கண் கலங்கியதைப் பற்றி இரண்டாவது நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 26, ஞாயிறு

ஆற்றங்கரைக்கு அவரோடு போனேன். கேமரா கொண்டுவந்திருந்தார். வேம்புவின் தங்கை மருமகன் குணசேகரன் படகில் ஏற்றிக்கொண்டான். போன ஞாயிறு பேசிய பதினோரு பேரில் ஒருவன், மீனவர் சங்கத்துக்காரன், இருபத்தெட்டு வயது, எதையும் சந்தேகத்தோடு பார்க்கிறவன்.

"போட்டா எடுத்து இன்னா பண்ணப் போறீங்கோ?"

"அந்தப் படத்தையும் உங்க ஆத்தையும் பக்கத்துல பக்கத்துல வைக்கப் போறேன். கீழ நீங்க பேசினது. பாக்கிறவன் தப்பிச்சுப் போக முடியாது" என்றார் தேவப்பிரியம்.

சாம்பல் மேட்டில் அவர் மண்டியிட்டுப் படம் எடுத்தார். எழும்போது கையை நீட்டினார், பிடித்துத் தூக்கினேன். விட மறந்துவிட்டார். நானும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆலை தன் சாம்பல் குளத்தைப் பெரிதாக்கப் போகிறது. மார்ச் 21 அன்று மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். நோட்டில் இருப்பதையெல்லாம் அங்கே கொடுக்கலாம், நானே தட்டச்சு செய்து தருகிறேன் என்றார் தேவப்பிரியம்.

நான் மட்டும் முடிவு செய்யக்கூடாது என்று பதினோரு வீட்டுக்கும் போய்க் கேட்டேன். வேம்பு வலையை உதறிக்கொண்டே சொன்னாள்: "உன்ன நம்பித்தான் பேசுனேன் லைப்ரரிமா. நீ எங்க குடுத்தாலும் சரி."

மாலையில் நோட்டைக் கொடுத்துவிட்டேன். நகல் எடுத்துக்கொண்டு கொடுத்திருக்கலாம். தோன்றவே இல்லை. அவரிடம் கொடுப்பதற்கு எதற்கு நகல்?

பிப்ரவரி 16, ஞாயிறு

நூலகக் கூட்டத்துக்குத் தேவப்பிரியம் வரவில்லை. நாசரேத்தில் சொந்தக்காரர் கல்யாணமாம். புதுப் படம் இல்லாததால் பழையதையே மாட்டினோம். பரவாயில்லை. இன்றுதான் கவனித்தேன், தூரத்தில் கோயில் கோபுரம் மாதிரி ஒன்றும் ஒரு காற்றாலையும் புகைபோல நிற்கின்றன. ஒரு தடவை தூரிகையைத் தொட்டு எடுத்ததுதான், அதற்குமேல் எதுவும் செய்யவில்லை. ஆனாலும் அதைத் தாண்டி ஒரு ஊர் இருப்பதாக நம்புகிறோம்.

மார்ச் 2

தேவப்பிரியத்தை மூன்று முறை போனில் கூப்பிட்டேன். "வேலையில் இருக்கிறேன், நானே பேசுகிறேன்" என்று ஒரு செய்தி.

மார்ச் 9, ஞாயிறு

எப்படி எழுதுவது?

காலையில் குணசேகரன் போன் செய்தான். "ஆலைக்காரன் கம்யூனிட்டி ஹால்ல ஏதோ கண்காட்சி வெச்சிக்கிறான். எங்க போட்டாலாம் கீது. உனக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன். நம்பினானா என்று தெரியவில்லை.

போனேன். வாசலில் பூச்செடி. ஏசி. உள்ளே நுழைந்ததும் அந்தப் படம், சுவர் முழுக்க. முறத்தைவிடச் சின்னதாக இருந்ததைப் பத்தடிக்கு ஊதி மாட்டியிருந்தார்கள். தூரிகைத் தடம் எல்லாம் கரைந்து, பழுப்பெல்லாம் போய், பளிச்சென்று ஒரே வெள்ளை. வலது ஓரத்தைத் தேடினேன். சுவர் போதாததால் அந்தப் பக்கம் வெட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. சுள்ளிக்காரி இல்லை.

எதிர்ச் சுவரில் நம் ஆறு. ஜனவரி 26 அன்று எடுத்தவை. தலைப்பு: "கழிமுகத்தின் குளிர்காலம்." அவர் பெயர் கீழே. ஆலையின் பெயர் அதற்கும் கீழே.

ஒரு போட்டோவுக்குக் கீழே:

"பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பால் ஊற்றி வைத்ததுபோல." - வேம்பு, மீனவப் பெண்.

அவ்வளவுதான். அதோடு ஒரு முற்றுப்புள்ளி.

குணசேகரன் சொன்னதில் "நிலா அடிச்சா வெள்ளித் தகடாட்டம் மின்னும்" வரைக்கும் இருக்கிறது. அடுத்த வரி, "அதுக்குக் கீய ஒரு மீனு கெடியாது" - இல்லை. பதினோரு பேர். பதினோரு பாதி. அவர்கள் பேச்சைக்கூட விட்டுவைக்கவில்லை, திருத்தி எழுதியிருக்கிறார்.

இன்னா மனுசன் இவன். அன்னிக்கு மூலையில நின்னுகினு கண்ணத் தொடச்சிகினு இருந்தானே, அது இன்னா? அப்பவே எந்த வரி வரைக்கும் வெட்றதுன்னு கணக்குப் போட்டுகினு இருந்தானா? கையப் புடிச்சானே -

வேண்டாம். இதை எழுத வேண்டாம்.

மார்ச் 10, திங்கள்

வேம்பு வீட்டுக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. அவள் மகள் உள்ளே புகை பிடித்துக்கொண்டிருந்தாள் - அதாவது அந்த மருந்துப் புகை, மூக்கில் கவ்வி வைத்துக்கொள்வார்களே. வேம்பு உட்காரச் சொல்லவில்லை.

"நான் எய்தப் படிக்கத் தெரியாதவ. நீ அன்னிக்கிப் படிச்சிக் காட்டசொல்லோ முச்சூடும் இருந்திச்சே."

"இருந்துச்சுக்கா. நான் முழுசாத்தான் எழுதினேன். கொடுத்த இடம் தப்பு."

"யாரு குடுத்தா?"

"நான்தான்."

"அப்பால இன்னா. கெளம்பு."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள். குப்பத்தைத் தாண்டும்வரை யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வது வேறு. இது பார்க்கவே இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

மதியம் அரை நாள் விடுப்பு போட்டுச் சாத்தாங்காடு போனேன். இரும்புக் கம்பி இறக்குகிற சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. அவர் அண்ணன் சாலமோன் எழுந்து நாற்காலி போட்டு, கூல்டிரிங் வாங்கிவரச் சொல்லிவிட்டு உள்ளே போனார். தேவப்பிரியம் மெலிந்திருந்தார். அது என் மனதில் பட்டதே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"நோட்டு எங்க?"

"அவங்க ஆபீஸ்ல. ஆவணத்துக்குன்னு கேட்டாங்க, கொடுத்துட்டேன்."

"எதுக்குச் செஞ்சீங்க?"

"முழுசாப் போட்டா மாட்டவே விட மாட்டாங்க செங்கொடி. பாதியாவது சுவருக்குப் போகட்டும், பாக்கிறவன் மீதியை யோசிச்சுக்குவான்னு நினைச்சேன்."

"யோசிப்பான்னு மெய்யாலுமே நெனச்சீங்களா?"

லாரியிலிருந்து ஒரு கட்டுக் கம்பி விழுந்தது. அது அடங்கிய பிறகு சொன்னார்: "இருபது வருஷமா வரையுறேன். யாராவது ஒரு சுவர் கொடுத்தாங்களா? இந்தக் கடையில துருப்பிடிச்ச கம்பிக்கு நடுவுல உக்காந்திருக்கேன். முதல் தடவையா ஒருத்தன் என் பேரைப் போட்டு..."

அதுதான் நிஜம். முதலில் சொன்னது எனக்காகத் தயார் செய்தது, இது அவருக்கே தெரியாமல் வந்தது.

"வேம்பக்கா பேரையும்தான் போட்டிருக்கீங்க. அவங்களைக் கேட்டீங்களா?"

"நீங்க எல்லாரையும் கேட்டாச்சுன்னு சொன்னீங்களே."

இதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. கூல்டிரிங் வந்தது. குடிக்கவில்லை. பஸ்ஸில் திருவொற்றியூர் வரும்வரை அந்தக் கடைசி வாக்கியத்தையே மென்றுகொண்டிருந்தேன். என் நேர்மையை எடுத்து என்மேலேயே போட்டார்.

மார்ச் 14, வெள்ளி

நூலகம் விடுமுறை. படத்தைக் கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன். ஷாலு சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிழி அக்கா. அந்தாளு குடுத்ததுதானே."

கிழிக்கவில்லை. கோபத்தோடு உட்கார்ந்து பார்த்தேன். இவ்வளவு கோபத்தோடு ஒரு படத்தைப் பார்க்க முடியும் என்று இன்றுதான் தெரிந்தது. ஏதாவது பொய் கிடைக்குமா என்று ஒவ்வொரு அங்குலமாகத் தேடினேன். வரைந்தவன் நினைத்திருந்தால் விழுந்தவனை விட்டிருக்கலாம். மாட்டிக்கொண்ட படகை விட்டிருக்கலாம். சுள்ளிக்காரியை விட்டிருந்தால் யாருக்குத் தெரியும்? வாங்கியவன் காசுள்ளவனாகத்தான் இருந்திருப்பான்; பனியும் சறுக்கலும் போதும் என்றிருப்பான். ஆனாலும் அத்தனையும் இருக்கிறது. அழகும் இருக்கிறது, குளிரும் இருக்கிறது, ஒன்றுக்காக இன்னொன்றை எடுக்கவில்லை. யார் வரைந்தது என்று பெயரைப் படித்தேன், வாயில் நுழையவில்லை. அந்த மனிதர்மேல் எனக்கு இப்போது மரியாதை. அவர் படத்தை எனக்குக் காட்டியவர்மேல் இல்லை.

இரண்டையும் பிரித்துக்கொள்ள ஒரு பகல் ஆனது.

மார்ச் 17

நோட்டு இல்லாமல் நினைவிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். வேம்பு சொன்னது முழுதும் வருகிறது. குணசேகரனுடையது வருகிறது. மற்ற ஒன்பது பேருடையது துண்டு துண்டாக. மீண்டும் போய்க் கேட்கலாமா? எந்த முகத்தோடு?

மார்ச் 21, வெள்ளி

கருத்துக் கேட்புக் கூட்டம் முடிந்துவிட்டது. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பத்தரை மணிக்குப் பந்தல். முன்வரிசையில் அதிகாரிகள். குப்பத்து ஜனம் இடதுபுறம் உட்கார்ந்திருந்தார்கள், நான் கடைசியில் தனியாக. தேவப்பிரியம் ஆலைக்காரர்களின் வரிசையில், வெள்ளைச் சட்டை. என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

ஆலையின் சார்பில் பேசியவர் வழவழவென்ற ஒரு சின்னப் புத்தகத்தைப் பிரித்தார். "இந்தப் பகுதி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை அவர்கள் வார்த்தையிலேயே சொல்கிறேன்" என்று வேம்புவின் வரியைப் படித்தார். முற்றுப்புள்ளி வரை.

நான் எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. மைக்கை நீட்டினார்கள்.

"என் பேரு செங்கொடி. அந்த வார்த்தையெல்லாம் எழுதினது நான். எழுதினது பதினாலு பக்கம், நீங்க படிச்சது பாதிப் பாதி வரி. எழுதின நோட்டை, பேசினவங்ககிட்ட சம்மதம் வாங்கிட்டு, நகல்கூட எடுக்காம இன்னொருத்தர்ட்ட கொடுத்தது என் தப்பு. அது இப்ப ஆலை ஆபீஸ்லதான் இருக்கு. முழுசாப் படிக்கச் சொல்லுங்க."

ஒரு அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க அரசு ஊழியர்தானே?"

"ஆமா சார். இன்னிக்கு எனக்கு வார விடுமுறை."

நோட்டு கைவசம் இல்லை என்றார் ஆலைக்காரர். அப்படியானால் மீதியை நீங்களே சொல்லுங்கள் என்றார் அதிகாரி. சொல்ல ஆரம்பித்தேன். வேம்பு சொன்னதை நான் சொல்வதா, இன்னொரு தடவையா என்று தோன்றி நின்றுவிட்டேன்.

அப்போது இடதுபுறம் வேம்பு எழுந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. நடந்து வந்து என் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"நான்தான் வேம்பு. என் பேரு போட்டுப் பாதி எய்திக்கிறாங்கோ. மீதிய நான் சொல்றேன், நீ எய்திக்கோ." எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாவைப் பார்த்துச் சொன்னாள். "பாக்க அயகாத்தான் கீது. அத்த நான் இல்லன்னு சொல்லல. காலு வெச்சின்னா முட்டி வரிக்கும் எறங்கும். இறாலு தடவுனா சாம்பதான் கைல வருது. எம்பொண்ணுக்கு நெஞ்சுல விசில் அடிக்குது. எய்திக்கினியா? படிச்சிக் காட்டு."

குமாஸ்தா அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி படிக்கச் சொன்னார். ஒரு வரி விட்டுப்போயிருந்தது. அதைச் சொல்லிச் சேர்க்கவைத்த பிறகுதான் மைக்கைக் கொடுத்தாள்.

பிறகு குணசேகரன். பிறகு மற்றவர்கள், ஒருவர் பின் ஒருவராக. இரண்டு மணி வரை நடந்தது. பாதியிலேயே தேவப்பிரியத்தின் நாற்காலி காலியாக இருந்தது.

முடிந்ததும் வேம்புவின் பக்கம் போனேன். கூட்டத்தோடு போய்விட்டாள்.

மார்ச் 22

மேலிடத்திலிருந்து யாரும் எதுவும் கேட்கவில்லை. நேற்றுப் பேசியதற்கு விளக்கம் கேட்பார்களோ என்று ஒவ்வொரு தபாலையும் பயந்துகொண்டே பிரிக்கிறேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மூன்றாவது ஞாயிறு. படத்தை மாட்டி நாற்காலி போட்டு வைத்தேன். யாரும் வரவில்லை. ஐந்தரை வரை நானே பார்த்துவிட்டுக் கழற்றினேன்.

கண்காட்சியை எடுத்துவிட்டார்களாம். தேவப்பிரியத்திடமிருந்து செய்தி: "ஈஸ்டர் வாழ்த்துகள். ஒரு முறை பேசலாமா?" நல்ல மனிதராக இருக்கவேண்டும் என்று அவருக்கு உண்மையாகவே ஆசை இருக்கிறது என்று நினைக்கிறேன். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. பதில் எழுதவில்லை. எழுதப்போவதில்லை.

மே 6, செவ்வாய்

கூட்டத்தின் அறிக்கை வெளியாகியிருக்கிறது. குணசேகரன் நூலகத்துக்கு வந்து கம்ப்யூட்டரில் எடுத்துத் தரச் சொன்னான். வேம்பு பேசியது வரிக்கு வரி இருக்கிறது, "கீது" கூட மாற்றாமல். குளத்தைப் பெரிதாக்குவது பற்றி இன்னும் முடிவில்லை. ஆறு மாதம் இழுப்பார்கள், அப்புறம் அவர்கள் நினைத்ததையே செய்தாலும் செய்வார்கள் என்றான். போகும்போது, "நோட்டுக்கு ஆர்டிஐ போட்டுக்கிறோம்" என்று மட்டும் சொன்னான். என்னோடு அவன் பேசியதே இரண்டு மாதத்தில் இதுதான் முதல் தடவை.

மாலை ஷேர் ஆட்டோவில் இடம் தேடினால் உள்ளே வேம்பு. காலியான அலுமினியக் கூடை பக்கத்து சீட்டில். நான் அடுத்த வண்டிக்கு நிற்கலாம் என்று பின்வாங்கினேன். அவள் கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"குந்து."

திருவொற்றியூர் தேரடி நெருங்கும்போது ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நாளிக்கிப் பொண்ண ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேன். ஸ்கேன் எடுத்தது ரிப்போர்ட் வருதாம். இங்கிலீஷ்ல இருக்குமாம். நீ வந்து படிச்சிச் சொல்லு."

"வரேன்கா."

"நல்லது மட்டும் படிக்காத."

காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறாள். விடுப்புக் கடிதம் எழுதிப் பையில் வைத்துவிட்டேன்.